மார்வுட் கப்பலின் சலவைக்காரி

1941 மே 12, திங்கட்கிழமை. மார்வுட் மாலை ஆறு மணிக்குத்தான் கிளம்பும் என்று பிலுமேனாவிடம் சொல்லியிருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கே அதன் இரண்டு புகைபோக்கிகளிலும் புகை தடித்துவிட்டது. மால்டா தீவின் துறைமுக ஊரான இஸ்லாவில் பிறந்த யாருக்கும் அதற்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் இருந்த காற்சட்டையைப் பிழிந்தபடியே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

என் அப்பா நீனு அந்தக் கப்பலுக்கென்றே அமர்த்தப்பட்ட படகுக்காரர். துவைதுறைப் படியில் படகை இடித்து நிறுத்திவிட்டு அங்கிருந்தே கத்தினார்.

"ஏ பிலுமேனா! மூட்டை கட்டிட்டியா? கப்பல் கெளம்புது!"

"ஆறு மணின்னாங்களே!"

"நானா சொன்னேன்? போய் அட்மிரல்கிட்ட சண்ட போடு."

"துணி இன்னும் காயல நீனு. பாதி ஈரம்!"

"கடல்ல போறவனுக்கு ஈரம் புதுசா? கட்டு, கட்டு!"

அந்த நேரம் பார்த்து அபாயச் சங்கும் ஊதியது. கொடியில் கிடந்ததை எல்லாம் வாரி, பாறைக் குகைக்குள் ஓடி, அரை இருட்டில் பத்தொன்பது மூட்டைகளைக் கட்டி முடித்தாள் பிலுமேனா. அப்பா அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு துடுப்பு வலித்துப் போனார். விமானங்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. அவள் குகையை விட்டு வெளியே வந்தபோது மார்வுட் துறைமுக வாயைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதில் அவள் கணவன் விஸ்தின் இருந்தான். கையசைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

விஸ்தின் பெசினா ஆபீசர்களின் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவன். கப்பலில் இருந்த மால்டாக்காரர்கள் ஏழு பேரும் ஒன்று சமையல், அல்லது பரிமாறுதல். சண்டை மணி அடித்தால் மட்டும் எல்லோரும் ஒன்று. சூப் தட்டு ஏந்திய கையால் விஸ்தின் கீழறையிலிருந்து பீரங்கிக் குண்டுகளை மேலே ஏற்றிக் கொடுப்பான். மார்வுட் ஐந்து மாதங்களாக எங்கள் துறைமுகத்தில் இருந்தது. அந்தி சாயும்போது கிளம்பி, திரிப்பொலிக்குப் போகும் எதிரிச் சரக்குக் கப்பல்களைத் தேடி வேட்டையாடிவிட்டு விடியும்போது திரும்பும். கோட்டைச் சுவரில் நிற்கிற பெண்கள் அதன் தலை தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஒருமுறை மூக்கு நசுங்கி வந்தது. துறையில் எங்கள் ஆட்கள், தலைக்கு மேல் குண்டு விழ விழ, பதினோரு நாளில் அதற்குப் புது மூக்கு வைத்து அனுப்பினார்கள். பிறகு யாராவது அதை "இங்கிலீஷ் கப்பல்" என்று சொன்னால் இஸ்லாக்காரர்களுக்குக் கோபம் வரும்.

கப்பலில் விஸ்தின் இருந்ததால் சலவை பிலுமேனாவுக்கு வந்தது. ஜனவரிக் குண்டுவீச்சில் அவள் வீட்டின் மேல்தளம் போய்விட்டது. பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போனது. அவள் போகவில்லை. "கப்பல் துணி கிராமத்துக்கு நடந்து வருமா?" என்றாள்.

கடற்படையில் ஒரு விதி உண்டு. ஒவ்வொருவனும் தன் துணி ஒவ்வொன்றிலும் தன் பெயரைக் கறுப்பு மையால் அச்சுக் குத்தியிருக்க வேண்டும். பிலுமேனாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஓரத்தில் வண்ண நூலால் தையல் போட்டு வைப்பாள். சிவப்பு இரண்டு ஒருவனுக்கு, பச்சை ஒன்று இன்னொருவனுக்கு. நீலம் மூன்று என்றால் கிரிம்ஷா. நூலே இல்லாதது விஸ்தினுடையது; தன் புருஷன் துணிக்கு அடையாளம் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

நார்மன் கிரிம்ஷா எஞ்சின் அறை ஆள். வட இங்கிலாந்தின் நூற்பாலை ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். இரண்டு விஸ்தின்களைச் சேர்த்துத் தைத்தால்தான் ஒரு கிரிம்ஷா வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் விஸ்தினோடு வீட்டுக்கு வந்து முயல் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவான். போகும்போது தீப்பெட்டி, சவரக் கத்தி, குடை என்று எதையாவது இரவல் வாங்கிப் போவான். எதுவும் திரும்பாது. கேட்டால் பெரிதாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே பிலுமேனா விட்டுவிடுவாள்.

அன்று மாலை கூடையைக் கவிழ்த்து, வீட்டுக்கென்று ஒதுக்கிய துணிகளை மடிக்க உட்கார்ந்தபோது, கூடாரம் போல ஒரு வெள்ளைப் பனியன் கையில் வந்தது. ஓரத்தில் நீலத் தையல் மூன்று. விஸ்தினின் பனியனைக் காணோம். அவசரத்தில் அது கிரிம்ஷாவின் மூட்டைக்குள் போய்விட்டது என்று புரிந்தது. பனியனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினாள்.

"பாரு, இத மாட்டிக்கிட்டா என் வீட்டுக்காரர் பாய்மரக் கப்பல் மாதிரி இருப்பாரு. அங்க அந்தத் தடியன் அவரோடதப் போட்டுட்டு மூச்சு முட்டிக் கெடப்பான்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள் என்று அம்மா சொல்லுவாள்.

இந்த முறை அது ஓர் இரவுப் பயணம் இல்லை. ஒன்பதாம் நாள் மார்வுட் திரும்பவில்லை. அதோடு போன மற்ற இரண்டு கப்பல்கள் திரும்பின. துனிசியக் கரைக்கு அப்பால் கண்ணிவெடியில் மோதியது, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, கரையிலிருந்து எதிரியின் விமானங்கள் வந்துகொண்டிருந்ததால் தேடுவதற்கு நிற்க முடியவில்லை என்றார்கள். ஏழு வீடுகளுக்கும் ஒரே மாதிரி தந்தி வந்தது: காணவில்லை.

காணவில்லை என்ற சொல்லோடு பிலுமேனா ஜூன், ஜூலை இரண்டு மாதங்களும் வாழ்ந்தாள். வேறு கப்பல்களின் துணிகளைத் துவைத்தாள். ஆகஸ்டில் கடற்படையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை வாசிக்கப் பங்குச் சாமியார் துன் லுடோவிக் வீட்டுக்கே வந்தார். விஸ்தினின் அக்கா மர்யான்னாவும் கூடவே வந்தாள். அவள் வரும்போதே அழுதுகொண்டு வந்ததால் சங்கதி பாதி தெரிந்துவிட்டது.

துனிசியாவில் ஒரு மீனவக் கிராமத்தின் கரையில் உடல் ஒன்று ஒதுங்கியிருந்தது. முகம் அடையாளம் காண முடியாத நிலை. உடலில் இருந்த பனியனில் பெசினா என்ற பெயர். கிராமத்தார் மரியாதையோடு புதைத்திருக்கிறார்கள்.

சாமியார் கடிதத்தை மடித்தார். மர்யான்னா மார்பில் அடித்துக்கொண்டாள். பிலுமேனா கேட்டது ஒன்றுதான்.

"சாமி, அந்தப் பொணம் குண்டா, ஒல்லியா?"

"என்னம்மா கேக்குற?"

"குண்டா ஒல்லியான்னு எழுதியிருக்கா?"

"அதெல்லாம் எழுதல."

"அப்போ அது என் புருஷன் இல்ல. பனியன் மட்டும்தான் அவரோடது." உள்ளே போய் நீலத் தையல் பனியனைக் கொண்டுவந்து விரித்துக் காட்டி, மூட்டை மாறிய கதையைச் சொன்னாள்.

துன் லுடோவிக் பொறுமையானவர். "பிலுமேனா, நல்லா யோசி. ஒம்போது நாள் ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல இருந்திருக்காங்க. மூட்டையப் பிரிச்சதும் பேரப் பாத்து அவன் திருப்பிக் குடுத்திருக்க மாட்டானா?"

"யாரு, கிரிம்ஷாவா? என் தீப்பெட்டிய இன்னும் திருப்பித் தரல சாமி அந்த ஆளு."

"இது வெளையாட்டுப் பேச்சு இல்ல."

"நானும் வெளையாடல."

மறுநாள் மர்யான்னா கறுப்புச் சாயம் கரைத்த பானையோடு வாசலில் நின்றாள்.

"உன் பாவாடையெல்லாம் எடு. நானே முக்கித் தரேன்."

"வேணாங்க்கா."

"என் தம்பிக்கு ஒரு பூசை இல்ல, பொண்டாட்டி உடம்புல ஒரு கறுப்பு இல்ல. அவன் என்ன தெருநாயா?"

"அக்கா, துணியப் பத்தி எனக்குச் சொல்லாத. கறுப்பு ஒருதரம் ஏறிட்டா எந்தச் சோடாவுக்கும் போவாது. நாளைக்கு அவரு வந்து நின்னா நான் எதக் கட்டிக்கிட்டு முன்னால போவேன்?"

"வரமாட்டான்டி!" என்று கத்தினாள் மர்யான்னா. பானை சாய்ந்து வாசற்கல் கறுத்தது. அந்தக் கறையைத் தேய்த்தெடுக்க பிலுமேனாவுக்கு இரண்டு நாள் ஆனது.

விதவைப் பணத்துக்கான தாளில் கைநாட்டு வைக்கவும் அவள் மறுத்துவிட்டாள். ரொட்டி வரிசையில் பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஒருத்தி முன்னாலேயே பேசினாள்: "புருஷன மண்ணுல போட்டாச்சு, இவ பூப்போட்ட பாவாடையில திரியுறா."

"யாரோட புருஷன மண்ணுல போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, அவளுக்கு நானே போய்ச் சொல்லணும்" என்றாள் பிலுமேனா.

வெளியே அப்படிப் பேசினாளே தவிர உள்ளுக்குள் உறுதியாக இல்லை. என்னிடம் பல வருடம் கழித்துச் சொன்னாள். திருப்பிக் கொடுத்திருந்தால்? அந்த ஒரே கேள்விதான். துவைக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, குகையில் குண்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்தியிருக்கும்போது. கிரிம்ஷா இத்தனை நாள் இரவல் வாங்கியதை எல்லாம் விரல்விட்டு எண்ணுவாளாம். ஒன்றையாவது திருப்பித் தந்திருக்கிறானா என்று யோசிப்பாளாம். ஒருநாள் நினைவு வந்தது, குடையைத் தந்திருந்தான். கம்பி ஒடிந்து, மூன்று மாதம் கழித்து, ஆனால் தந்திருந்தான்.

அக்டோபரில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"சாமி, நான் ஒருத்தன் செத்துருக்கணும்னு தெனமும் வேண்டிக்கிறேன். அவனும் என் வீட்டுல சாப்பிட்டவன்தான்."

வலைக்கு அப்பாலிருந்து சாமியார் சொன்னாராம்: "கடல்ல நடந்தது நடந்து முடிஞ்சிருச்சு. உன் வேண்டுதல் யாரையும் கொல்லல. உன் புருஷன் உசுரோட இருக்கணும்னு மட்டும் கேளு. மிச்சத்தக் கேக்காத."

"அது ரெண்டும் ஒண்ணுதானே சாமி?"

"இல்ல" என்றாராம் அவர். ஏன் இல்லை என்று சொல்லவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம், தபால்காரர் குகை வாசலில் நின்று "பெசினா!" என்று கூப்பிட்டார். தடித்த காகிதத்தில் ஓர் அட்டை. இத்தாலிய முத்திரை. பிலுமேனாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் விஸ்தின் தன் பெயரை எழுதும் விதம் தெரியும். கடைசி எழுத்துக்குக் கீழே வால் இழுப்பான். அந்த வாலை விரலால் தடவிப் பார்த்தாள். அட்டையை என் அம்மாதான் வாங்கி வாசித்தாள். "கைதி முகாமில் இருக்கிறேன். கால் எலும்பு முறிந்து, கூடிவிட்டது. இங்கே குளிர். முன்பு எழுதியது கிடைத்ததா? அக்காவிடம் சொல்."

குகையில் இருந்த அத்தனை பேரும் கத்தியது வெளியே துறை வரைக்கும் கேட்டதாம். மேலே விமானம் வருகிறது என்று நினைத்துச் சிலர் ஓடி வந்திருக்கிறார்கள். மர்யான்னா ஜெபமாலையைச் சுற்றிய கையாலேயே பிலுமேனாவின் முதுகில் இரண்டு அடி வைத்தாள்.

"சொன்னியேடி! சண்டாளி, அப்பவே சொன்னியேடி!" அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள். யாரோ ஒளித்து வைத்திருந்த அத்திப்பழங்களை எடுத்து வந்தார்கள். அப்பா பாட ஆரம்பித்தார். அவருக்குக் குரல் கிடையாது, அன்று யாரும் அதைச் சொல்லவில்லை.

பிலுமேனாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அத்திப்பழத்தைப் பாதி கடித்தவள் நிறுத்திவிட்டாள்.

"அப்போ அது கிரிம்ஷா" என்றாள்.

பாதிப் பழத்தைக் கீழே வைத்தாள்.

"அவனுக்கு அம்மா இருக்கா. அவளுக்குக் காணவில்லைன்னு மட்டும்தானே போயிருக்கும்? அவன் எங்க கெடக்கான்னு எனக்குத்தானே தெரியும்."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சாமியாரை உட்காரவைத்து இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். விலாசத்தைச் சாமியார் கடற்படைப் பாதிரி ஒருவரிடம் வாங்கி வந்திருந்தார். இறைவன் சித்தம் என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேணாம் சாமி. நேரா எழுதுங்க. நான் சலவைக்காரி. துணிய மாத்திக் கட்டிட்டேன். அதனால உங்க மகன் என் புருஷன் பேர்ல புதைஞ்சு கெடக்கான். ஊரு பேரு இது. மன்னிக்கணும். அவ்வளவுதான்."

பதில் வரவில்லை. அந்த வருடம் எங்கள் தீவுக்கு வந்த கஷ்டத்தில் எந்தக் கடிதம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? ரொட்டியை அளந்து கொடுத்தார்கள். சோப்பே இல்லாமல் சாம்பலில் துவைத்தாள் பிலுமேனா. ஆனாலும் அந்த வருடம் தான் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாள்.

1944 ஜனவரியில் விஸ்தின் வந்து சேர்ந்தான். இத்தாலி சரணடைந்தபோது முகாமை விட்டு வெளியேறி, ஆறு வாரம் மலைமேல் நொண்டி நடந்து, நேசப்படைகளின் பக்கம் வந்திருந்தான். எலும்பும் தோலுமாக வாசலில் நின்றவனைப் பார்த்து பிலுமேனா கேட்டது: "அந்தப் பனியன அவன் திருப்பித் தந்தானா இல்லியா?"

விஸ்தினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டான்.

மூட்டையைப் பிரித்த அன்றே கிரிம்ஷா அதை மாட்டிக்கொண்டு ஆபீசர்களின் சமையலறைக்கு வந்து நின்றானாம். தோலுக்குள் அடைத்த சாசேஜ் மாதிரி உடம்பு பிதுங்கிக்கொண்டு இருந்ததாம். "உன் பொண்டாட்டி எனக்குன்னு அனுப்பிச்ச பரிசு" என்றானாம். விஸ்தின் கேட்டதற்கு, ஆபீசர்கள் மேசையில் மிஞ்சும் புட்டிங்கை ஒரு வாரம் கொடுத்தால் திருப்பித் தருவதாக பேரம் பேசினான். விஸ்தினும் தினம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஏழாம் நாள் கிரிம்ஷா, "இன்னும் ரெண்டு நாள். எனக்கு இது பழகிருச்சு" என்றான். அதற்கு இரண்டாம் நாள்தான் கப்பல் மூழ்கியது. விஸ்தின் மிதவையைப் பிடித்துக்கொண்டான்; இத்தாலியப் படகு ஒன்று அவனைத் தூக்கிக்கொண்டு போனது. கிரிம்ஷா எஞ்சின் அறையிலிருந்து மேலே வந்தானா என்றே அவன் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அப்படியே எழுதச் சொன்னாள் பிலுமேனா. புட்டிங் வேண்டாம், செத்தவனைப் பற்றிய கடிதத்தில் அது எதற்கு என்றார் சாமியார். "அதத்தான் மொதல்ல எழுதணும். ஒரு தாய்க்கு வேற எத வெச்சு அடையாளம் தெரியும்?" என்றாள் அவள். விஸ்தின் கடற்படை அலுவலகத்தில் சாட்சியம் எழுதிக் கொடுத்தான். அந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை.

சண்டை முடிந்தது. இருவரும் இஸ்லாவிலேயே இருந்தார்கள். மேல்தளத்தைத் திரும்பக் கட்டினார்கள். விஸ்தின் ஒரு காபிக் கடையில் பரிமாறினான். பிலுமேனா பிறகு வந்த கப்பல்களுக்கும் துவைத்தாள், ஆனால் நூல் அடையாளத்தை நம்பாமல், மர்யான்னாவின் மகளிடம் எழுத்துக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்த பிறகே மூட்டை கட்டினாள். துறையில் மற்ற சலவைக்காரிகள் அதற்கு அவளைக் கிண்டல் செய்வார்கள். "பிலுமேனா சாமியார் மாதிரி பூசை வைக்கிறா" என்பார்கள்.

நான் ஆறு வருடம் கப்பல் கப்பலாக வேலை பார்த்து, சிட்னியிலும் லண்டனிலும் இருந்துவிட்டு, 1954 செப்டம்பரில் ஊர் வந்தேன். வந்த வாரத்திலேயே ஓர் உறையைத் தூக்கிக்கொண்டு பிலுமேனா வந்தாள். இங்கிலாந்துத் தபால்தலை. எங்கள் மொழியைத்தான் அவள் வாசிப்பாள், இது இங்கிலீஷ். "நீ வாசி. மெதுவா வாசி" என்றாள். விஸ்தின் அவளுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாசித்தேன்.

"அன்புள்ள திருமதி பெசினாவுக்கு, நார்மனின் தாய் எடித் கிரிம்ஷா எழுதுவது. உங்கள் முதல் கடிதத்தை நான் கிழித்துப் போட்டேன். யாரோ ஒரு சலவைக்காரி தன் கணவன் பிழைக்க வேண்டும் என்பதற்காக என் மகனைச் சாகடிக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது கடிதத்தில் புட்டிங் பற்றி வாசித்தபோது அது நார்மன்தான் என்று தெரிந்துவிட்டது. அவன் தம்பியிடமும் அப்படித்தான் செய்வான். தெரிந்ததால்தான் பதில் எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயம். பத்து வருடம் அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். உங்கள் கணவர் கொடுத்த சாட்சியத்தை வைத்துக் கல்லறையில் பெயரை மாற்றிவிட்டார்கள். இந்த வசந்தத்தில் அதன் படத்தை அனுப்பினார்கள். வெள்ளைக் கல், அவன் பெயர், பின்னால் கடல் தெரிகிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். மன்னிக்க ஒன்றும் இல்லை. உங்கள் கணவர் வீட்டுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, இதை இப்போது மனதாரச் சொல்ல முடிகிறது. பதின்மூன்று வருடமாக, அவன் வந்து பூட்டிய கதவின் முன்னால் நிற்கக்கூடாது என்று, நான் எங்கே போனாலும் கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போவேன். நேற்று பூட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். அவசரமில்லாமல், எல்லோரோடும் நின்று பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்."